ஒல்லியாக இருந்தும் சர்க்கரை ஏறுவது ஏன்?

திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர், வயது 38, ஆள் ஒல்லி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயப்படாதீங்க. 100 முதல் 125 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இங்கிருந்து பலர் திரும்பி வருகிறார்கள்.

எடையை விடுங்கள், இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். நம்மூர் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், கைகால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை வேலை செய்ய விடாது.

அப்புறம் உங்கள் தொழில். மணிக்கணக்காக மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். சாப்பாட்டுச் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். அது அசையாவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கும். நடுவில் இனிப்பு டீ, பன். ஓவர்டைம் முடிந்து ராத்திரி பரோட்டா, உடனே படுக்கை. தூக்கம் குறைந்தாலும் இன்சுலின் மந்தமாகும்.

ராகிக்களிக்கு மாறினால் போதும் என்பார்கள். பெரிய உருண்டையாகச் சாப்பிட்டால் அதுவும் மாவுச்சத்துதான். சோறோ களியோ பாதியாக்கி, கொள்ளு, தட்டப்பயறு, கீரையைக் கூட்டுங்கள். சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். என்னைக் கேட்டால் முதலில் தொடங்க வேண்டியது இந்த நடைதான்.

2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது.

பகல் அசதி, ராத்திரி அடிக்கடி சிறுநீர், பாத எரிச்சல் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றாலும் மூன்று மாதம் கழித்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.