சேற்றுக்கும் வைக்கோலுக்கும் மட்டும் ஓடும் 20 வருடப் பழைய டிராக்டரை விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா? வைத்திருந்தால் எப்படிப் பராமரிப்பது?

கும்பகோணம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குறுவைக்கும் தாளடிக்கும் சேறு அடிக்கிறீர்கள், சம்பா அறுத்ததும் வைக்கோல் ஏற்றுகிறீர்கள், மற்ற மாதமெல்லாம் வண்டி கொட்டகையில் நிற்கிறது. ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் ஒரு செலவு வைக்கிறது என்கிறீர்கள்.

எங்களுடையது மன்னார்குடிக்குத் தெற்கே. பதினெட்டு மா நிலம், அதாவது ஆறு ஏக்கர். வண்டி 1998 மாடல் மாஸி பெர்குசன் 1035, மூன்று சிலிண்டர். அப்பா வாங்கியது. பழுது பார்த்த ரசீதுகளை அவர் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். ஒரு மழை நாளில் பையைக் கொட்டிப் பார்த்தேன். உழுது தேய்ந்ததற்கு ஆன செலவு கிளட்ச் பிளேட், டயர், அவ்வளவுதான். மீதி எல்லாம் சேற்றுத் தண்ணீர் உள்ளே போனதாலும், சும்மா நின்றதாலும் வந்தது. உங்கள் கணக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நின்ற வண்டி என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. கொட்டகைத் தகரம் பறந்துவிட்டது. சைலன்சர் குழாய் மேல் பார்த்து நிற்கும் வண்டி. அதன் வாயில் கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சியும் போய்விட்டது. பெய்த மழை நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. தெருவெல்லாம் தென்னை விழுந்து கிடக்கிறது, மரம் இழுக்க வண்டி வேண்டும். ஏறி உட்கார்ந்து செல்ஃப் அடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்து, நாலு பேரைத் தள்ளச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் ஓடி வந்தார். "தம்பி, செல்ஃப தொடாதே, தள்ளவும் தள்ளாதே. உள்ள தண்ணி நிக்குது."

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசிலையும் கழற்றினார். டீசல் கட் ஆஃபை இழுத்து வைத்து, என்ஜினைக் கையால் மெதுவாகத் திருகினார். அப்புறம் செல்ஃபை ஒரு நொடி மட்டும் அடிக்கச் சொன்னார். நடு ஓட்டையிலிருந்து கருப்புத் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. தள்ளி ஸ்டார்ட் செய்திருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்திருக்கும், அன்றைக்கே வண்டி முடிந்திருக்கும். ஓட்டைக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, என்ஜின் ஆயிலையும் மாற்றி, மூன்று மணி நேரத்தில் ஓட வைத்தார். அதிலிருந்து கொட்டாங்குச்சி போய் பெயின்ட் டப்பா, அதையும் கம்பி போட்டுக் கட்டுகிறேன். கட்டியது மறந்துபோகாமல் இருக்க ஸ்டியரிங்கில் ஒரு துணி முடிச்சு.

சரி, சேறு. கேஜ் வீல், அதாவது இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டி இறக்கினால் நம் களிமண்ணில் ஆக்சில் வரைக்கும் சேறுதான். முதலில் சாவது முன் சக்கர ஹப் சீல், சக்கர நடுவில் தண்ணீர் போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம். கிரீஸ் கரைந்து பேரிங் துருப்பிடித்து, அறுவடை சமயத்தில் டிரெய்லரோடு ரோட்டில் போகும்போதுதான் கத்தும். ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கழற்றியே ஆகவேண்டும். சேறு அடிக்கும் நாட்களில் தினமும் சாயங்காலம் கிரீஸ் அடிக்க வேண்டும், காலையில் அல்ல. புது கிரீஸ் உள்ளே போய்ப் பழையதையும் சேற்றையும் வெளியே தள்ளும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் உள்ளே ஊறாது. கிரீஸ் ஏற்றும் நிப்பிளைத் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைத்தால் சேற்றையே உள்ளே ஏற்றிவிடுவீர்கள்.

கியர் பாக்ஸுக்கும் ஒரு சோதனை உண்டு. ராத்திரி அசையாமல் நின்ற வண்டியில், விடிந்ததும் செல்ஃப் அடிக்கும் முன் அடி போல்ட்டை அரைத் திருகு மட்டும் தளர்த்துங்கள். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும், அதுதான் முதலில் சொட்டும். நாலு சொட்டுக்குப் பிறகு ஆயில் வந்தால் இறுக்கிவிடலாம். சீலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆயிலே மோர் மாதிரி வெளுத்து வந்தால் மொத்தமும் இறக்க வேண்டும். ஹைட்ராலிக்கும் அதே ஆயிலில் ஓடும் வண்டியானால் லிஃப்ட் பம்பும் கூடவே போகும்.

இது பராமரிப்பு விஷயம் இல்லைதான், இருந்தாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். வண்டி புதைந்தால் பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் ஏற்றப் பார்க்காதீர்கள். சக்கரம் திரும்ப இடமில்லாவிட்டால் வண்டியே அச்சைச் சுற்றித் திரும்பும். மூக்கு தூக்கி ஓட்டுபவர் மேலேயே கவிழும். யோசிக்க நேரம் இருக்காது. கலப்பையையோ ரோட்டவேட்டரையோ தூக்கிவிட்டு ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கூப்பிடுங்கள். அரை நாள் போனால் போகட்டும்.

டீசல் ஏர் எடுப்பதற்கெல்லாம், அதாவது டீசல் பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கெல்லாம், மெக்கானிக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். ஃபில்டர் தலையில் இருக்கும் சின்னப் போல்ட்டைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை நெம்பை அடியுங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் கோடு மாதிரி டீசல் வரும். வரும்போதே இறுக்க வேண்டும். பிறகும் எடுக்கவில்லையென்றால் நாசில் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் இறுக்குங்கள். தெறிக்கும் இடத்தில் விரலை வைக்காதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலுக்குள்ளேயே போய்விடும்.

நிறுத்தும்போது டீசல் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காலி இடம் இருந்தால் உள்ளே ஈரம் வியர்த்துத் தண்ணீராகி அடியில் தங்கும். பெட்ரோலில் ஓடும் களை வண்டி இருந்தால் அதற்கு நேர் எதிர்: பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமும் எரிந்து நிற்கும்வரை ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் பிசினாகி அடைக்கும். டிராக்டர் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றி வையுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்ததும் கிரீஸ் தடவுங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கேபிளை மாட்டி, சூடேறும்வரை ஓட்டி நிறுத்தினால் போதும். எலிக்கு எனக்கு வழி தெரியவில்லை. ஒயரை மூன்று தடவை மாற்றியாயிற்று.

வைக்கோல் கட்டும் வேலைக்குப் போனால் ரேடியேட்டரில் தூசி அப்பிக்கொள்ளும். ஃபேன் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், என்ஜின் ஆறிய பிறகு. ஏர் கிளீனர் கிண்ணத்து ஆயிலையும் அந்த நாட்களில் தினம் பாருங்கள்.

விற்பதைப் பற்றி: சூடேறிய பின் புகையைப் பாருங்கள். கருப்பு என்றால் பெரும்பாலும் ஏர் கிளீனர் அல்லது நாசில், சின்னச் செலவு. தொடர்ந்து நீலம் வந்து, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளினால் சிலிண்டருக்குள் இருக்கும் ரிங், லைனர் தேய்ந்துவிட்டது, என்ஜினைப் பிரிக்கும் வேலை. அப்போதுகூட ஒரு தடவை என்ஜின் பிரித்துச் செய்வது புது வண்டி வாங்கும் செலவைவிடக் குறைவு. பழைய மாடல்களுக்கு மன்னார்குடியிலும் தஞ்சாவூரிலும் ஸ்பேர் கிடைக்கிறது, பிரித்துப் பூட்டக் கையும் இருக்கிறது. பிளாக் வெடித்திருந்தால், அல்லது கியர் பாக்ஸ் ஹவுசிங் விரிசல் விட்டிருந்தால் விற்றுத் தள்ளிவிடுங்கள்.

மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 திறந்தாலும் கல்லணை தாண்டி எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அதற்குள் முன் ஹப் சீல் இரண்டும் ஃபேன் பெல்ட்டும் மாற்ற வேண்டும். பெல்ட் வாங்கி வந்து கொட்டகை ஆணியில் தொங்குகிறது, சீலைத்தான் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். நாளைக்குத் திரும்பப் போக வேண்டும்.