பழைய கோர் மெமரித் தட்டு கையில் கிடைத்தால் என்ன செய்வது?

கேள்வி: கணினி மையம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பாவின் பெட்டியில், ஒரு சட்டத்துக்குள் வலை பின்னியது போன்ற பொருள் இருந்தது. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பிகள், அவை சந்திக்கும் இடமெல்லாம் கறுப்பு மணிகள். 32 வரிசை, வரிசைக்கு 32 மணி. பழைய கணினியின் மெமரி என்கிறார்கள். இதை எப்படிச் சுத்தம் செய்வது? பழைய தகவல் இன்னும் உள்ளே இருக்குமா? மல்டிமீட்டர் வைத்தால் அழிந்துவிடுமா? அர்டுயினோவோடு இணைக்க முடியுமா?

பதில்: கையில் பிரஷ் எடுத்திருந்தால் தயவுசெய்து கீழே வையுங்கள். என்னிடம் வந்த ஒரு தட்டை யாரோ பிரஷால் துடைத்திருந்தார்கள். ஒரே ஓர் இழை, ஓரத்துச் சாலிடரிலிருந்து பிய்ந்திருந்தது. அந்த இழை போனதால் அதில் கோத்திருந்த 32 மணிகளும், அதாவது 32 காந்த வளையங்களும், செத்துவிட்டன. லென்ஸ் வைத்துப் பார்த்து அதைத் திரும்பப் பற்றவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது. கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால், ஒரு முழம் தள்ளி நின்று ஊதுங்கள். போகாத தூசி இருந்துவிட்டுப் போகட்டும். ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம். சில தட்டுகளில் வளையங்களை நிறுத்திப் பிடிக்கும் பூச்சு கரைந்துவிடும்.

உங்களிடம் இருப்பது கோர் மெமரித் தட்டு. அந்த மணிகள் ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன வளையங்கள். வளையத்தின் காந்தப்புலம் ஒரு பக்கம் சுற்றினால் 0, எதிர்ப்பக்கம் சுற்றினால் 1. நெசவில் பாவும் ஊடையும் போல எக்ஸ் கம்பியும் ஒய் கம்பியும் ஓடுகின்றன. வளையத்தின் காந்தத் திசையைத் திருப்பத் தேவையான மின்னோட்டத்தில் பாதியை எக்ஸில், பாதியை ஒய்யில் அனுப்பினால், இரண்டும் சந்திக்கும் ஒரே வளையம் மட்டும் திரும்பும். மற்றவை பாதி மின்னோட்டத்துக்கு அசையாமல் அப்படியே நிற்கும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரெஸ்டர் குழு 1953இல் வேர்ல்விண்ட் கணினியில் ஓடவிட்டது இந்த முறையைத்தான். 1950களில் வளையங்கள் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தன. 1970களில் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விட்டன. அளந்து பாருங்கள், உங்கள் தட்டின் வயது ஓரளவு பிடிபடும்.

சரி, தகவல். மின்சாரம் இல்லாமலே காந்தம் நிற்கும் என்பதால், கடைசியாக எழுதிய பிட்டுகள் (0 அல்லது 1 என்ற தகவல்கள்) இன்னும் அப்படியே இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கணினிகளில் ஒரு சொல்லுக்கு (கணினி ஒரே தடவையில் எடுக்கும் பிட்டுகளின் தொகுதிக்கு) எத்தனை பிட்டோ, பொதுவாக அத்தனை தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். உங்களிடம் இருப்பது ஒரு தட்டு. அதாவது 1024 சொற்களிலிருந்து தலைக்கு ஒரே ஒரு பிட். ஒரு புத்தகத்தில் ஒவ்வொரு சொல்லின் மூன்றாம் எழுத்தை மட்டும் எடுத்து வைத்தது போல. கூடப்பிறந்த தட்டுகள் கிடைக்காமல் அதிலிருந்து பெரியப்பாவின் புரோகிராமை மீட்க முடியாது. தவிர, படித்தாலே அழிந்துவிடும்: வளையத்தை 0 பக்கம் தள்ளிப் பார்ப்பதுதான் படிப்பது. அது 1ஆக இருந்தால் திரும்பும்போது, படிப்பதற்கென்றே எல்லா வளையங்களுக்குள்ளும் ஓடும் சென்ஸ் கம்பியில் ஒரு சிறு துடிப்பு எழும். உடனே கணினி அதைத் திரும்ப எழுதிவிடும். உங்கள் மேசையில் அதைச் செய்ய யாரும் இல்லை.

மல்டிமீட்டருக்குப் பயப்பட வேண்டாம். ஓம் அளவையில் அது அனுப்புவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர். வளையம் திரும்பச் சில நூறு மில்லி ஆம்பியர் வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் நான்கு கம்பி (எக்ஸ், ஒய், சென்ஸ், எழுதும்போது 1 ஆகாமல் தடுக்கும் இன்ஹிபிட்) போகும் வகை என்றால் சட்டத்தின் ஓரத்தில் 64 கம்பிகளின் இரு முனைகள், சென்ஸ், இன்ஹிபிட் இரண்டின் முனைகள் என்று 132 முனைகள் வரை இருக்கும். எக்ஸ் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும், ஒய்யும் அப்படியே. சென்ஸ் கம்பி 1024 வளையங்களையும் ஊடுருவிப் போவதால் பல மடங்கு அதிகம் காட்டும். ஒரு கம்பி மட்டும் தனித்து நின்றால் முதலில் அதன் சாலிடரைப் பாருங்கள். ஃபெரைட் எளிதில் கெடாது; கெடுவது பெரும்பாலும் கம்பியும் பற்றவைப்பும்தான்.

அர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் பின் (முனை) ஒன்று பாதுகாப்பாகத் தருவது சுமார் 20 மில்லி ஆம்பியர். நேரடியாக இணைத்தால் வளையம் திரும்பாது, பின்தான் கெட்டுப்போகலாம். இடையில் அதிக மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வேண்டும், இரண்டு திசையிலும் ஓட்ட ஹெச்-பிரிட்ஜ் சுற்று வேண்டும். முழுத் தட்டையும் இயக்க ஆசைப்படாதீர்கள். ஒரு எக்ஸ், ஒரு ஒய், ஒரே ஒரு வளையம் போதும். 5 வோல்ட், கம்பிக்கு 50 ஓம் ரெசிஸ்டர் என்று 100 மில்லி ஆம்பியரில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். சில மைக்ரோ செகண்ட் துடிப்பாக மட்டும் அனுப்புங்கள். தொடர்ந்து விட்டால் அந்த மெல்லிய இழை சூடேறும். ஒரு கம்பியிலேயே முழு மின்னோட்டத்தையும் விட்டால் வரிசையே திரும்பிவிடும், கவனம்.

சென்ஸ் கம்பியில் ஆஸிலோஸ்கோப்பை (மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் கருவியை) வையுங்கள். எவ்வளவு ஏற்றியும் ஒன்றும் தெரியாவிட்டால் ஒய்யின் இரு முனைகளை மாற்றிப் பாருங்கள். உற்றுப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து வளையங்கள் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். ஆகவே திசை தவறினால் இரண்டு மின்னோட்டமும் ஒன்றையொன்று அடித்துவிடும். திசை சரியானதும், முதலில் 1 எழுதி, பிறகு 0 பக்கம் தள்ளுங்கள். திரையில் சில பத்து மில்லிவோல்ட் உயரத்துக்கு ஒரு மேடு எழும். அதே திசையில் மறுபடி தள்ளுங்கள். இந்த முறை மேடு வராது, வளையம் ஏற்கெனவே 0 ஆகிவிட்டது.