பழைய செவெல்லுக்குப் புது டயர்: 15 இன்ச்சா, 17 இன்ச்சா, எவ்வளவு அகலம்?

கேள்வி: அண்ணா, மிச்சிகனில் ட்ராய் ஊரில் இருக்கிறேன். போன வருடக் கடைசியில் ஒரு 1969 செவெல் எஸ்எஸ் 396 (செவர்லே கம்பெனியின் பழைய கார்) வாங்கினேன். 325 குதிரைத்திறன் இன்ஜின், ஆட்டோமேட்டிக், பவர் ஸ்டியரிங், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். முன்பு வைத்திருந்தவர் 15 இன்ச் அலாய் வீல் போட்டிருக்கிறார், முன்னால் 7 இன்ச் அகலம், பின்னால் 8. வெள்ளை எழுத்து டயர்களில் பட்டன் (தரையில் படுகிற வெட்டுள்ள ரப்பர்) நிறைய இருக்கிறது, ஆனால் சைடுவாலில் முடி மாதிரி மெல்லிய விரிசல்கள். ஃப்ரீவேயில் 65 மைல் வேகம் தொட்டால் வண்டி இடமும் வலமும் அலைகிறது. ஆகஸ்டில் இங்கே பழைய கார்கள் ஊர்வலமாகப் போகிற உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்குக் கொண்டுபோக ஆசை. பின்னால் 275/60ஆர்15 (275 மில்லிமீட்டர் அகலம், சைடுவால் உயரம் அதில் 60 சதவீதம், 15 இன்ச் வீல்) போட்டால் அம்சமாக இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். என்ன வாங்கலாம்? இல்லை, வீலையே மாற்றி 17 இன்ச் போய்விடலாமா?

பதில்: தம்பி, அளவு, பிராண்ட் எல்லாம் அப்புறம். முதலில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியிடம் போங்கள். ஒவ்வொரு டயரிலும் டிஓடி என்று தொடங்கும் ஒரு நீள எண் இருக்கும், அதன் கடைசி நான்கு இலக்கம்தான் நமக்கு வேண்டியது. 2811 என்றிருந்தால் 2011ஆம் வருடத்தின் 28ஆவது வாரத்தில் செய்த டயர். கடைசியில் மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000க்கு முந்தைய டயர், அந்த வண்டியைத் தெருவுக்கே எடுக்காதீர்கள். வெள்ளை எழுத்து வெளியே தெரிய மாட்டியிருப்பதால் தேதி உள்ள பக்கம் உள்ளே திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம், வெளியே தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடக் கூடாது. வண்டிக்கு அடியில் போவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துவிட்டுப் போங்கள்.

நீங்கள் சொல்கிற விரிசலை வைத்துப் பார்த்தால் அவை வயதான டயர்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த மாதிரி வண்டிகள் வருடத்துக்கு ஆயிரம், இரண்டாயிரம் மைல்தான் ஓடும், அதனால் பட்டன் தேயவே தேயாது, பார்ப்பவருக்குப் புதுசு போலவே இருக்கும், ஆனால் உள்ளே ரப்பர் வருடா வருடம் காய்ந்து இறுகிக்கொண்டே வரும். பல கார் கம்பெனிகள் 6 வருடத்தில் மாற்றச் சொல்கின்றன, டயர் கம்பெனிகள் பொதுவாக 10 வருடத்தை உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. 2013இல் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்துக்கு அதிவேகம்தான் காரணம் என்று விசாரணை சொன்னது, ஆனால் அந்த போர்ஷேயின் டயர்கள் 9 வருடம் பழையவை என்பதும் அதே விசாரணையில் வெளியே வந்தது.

நானும் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவரின் பழைய போன்டியாக்கில் ஐ-75இல் வடக்கே போய்க்கொண்டிருந்தோம், 14 வருடத்து டயர், பட்டன் முழுசாக இருந்தது. முதலில் பின்பக்கம் லேசாகத் தடதடவென்று ஒரு நடுக்கம், பேலன்சிங் வெயிட் விழுந்திருக்கும் என்று நினைத்தோம். இரண்டு மைல் தாண்டவில்லை, பட்டன் பட்டை அப்படியே உரிந்து சுழன்று, பின் மட்கார்டின் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு முழ நீளத்துக்கு மடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் காலத்து மட்கார்டு தகடு தேடி, வெல்டு வைத்து, நிறம் சேர்த்து அடிக்க ஆன செலவில் நான்கு செட் டயர் வாங்கியிருக்கலாம். அதனால் தேதி 6 வருடம் தாண்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், நான்கும் கழற்றுங்கள். இப்போதே விரிசல் விட்டிருப்பதால் தேதி எதுவானாலும் ஃப்ரீவே பக்கம் போகாதீர்கள்.

சரி, வண்டி ஏன் அலைகிறது? இறுகிப்போன டயர் ஒரு பங்கு, ஆனால் என் சந்தேகம் அலைன்மென்ட் மேல். உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 14 இன்ச் வீலில் எஃப்70-14 டயரோடு வந்தது. அது இன்றைய கார்களில் வரும் ரேடியல் இல்லை, நம்மூர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்பார்களே, நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடுவது, அந்த இனம். அந்த டயருக்கும் அந்தக் காலத்து ஸ்டியரிங்குக்கும் ஏற்ற மாதிரிதான் கம்பெனி அலைன்மென்ட் எண்களைக் கொடுத்தது, கேஸ்டர் பூஜ்யத்தை ஒட்டி, சில சமயம் அதற்கும் கீழே. கேஸ்டர் என்பது சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறதே, அதுதான். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். சாய்வே இல்லாமல் ரேடியலை மாட்டி 65இல் ஓட்டினால் ஸ்டியரிங் நடுவில் வந்து நிற்காது, ஓட்டுகிறவர்தான் ஓயாமல் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கடையில் வண்டியை ஏற்றியதும் கம்ப்யூட்டரில் 1969 செவெல் என்று தட்டுவார்கள், அது அந்தப் பழைய எண்ணையே காட்டும், அதன்படியே வைத்து எல்லாம் பச்சை என்று தாளும் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: கேஸ்டர் இரண்டு பக்கமும் பிளஸ் 3 டிகிரி அல்லது அதற்குக் கொஞ்சம் மேல், கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) மைனஸ் அரை டிகிரிக்குள், டோ (மேலிருந்து பார்த்தால் இரண்டு வீலின் முன்பக்கமும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) உள்பக்கமாக மொத்தம் ஓர் இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை. உங்களுக்குப் பவர் ஸ்டியரிங் இருப்பதால் கேஸ்டர் கூட்டினால் ஸ்டியரிங் கனக்குமே என்ற பயம் வேண்டாம். வீலைத் தாங்கும் மேல் கன்ட்ரோல் ஆர்மில் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை எடுத்தும் வைத்தும்தான் இதைச் செய்ய வேண்டும், பழைய ஆர்மில் சில வண்டிகளுக்கு 3 வரை வராது, அப்போது ஆஃப்செட் ஷாஃப்ட்டோ கேஸ்டர் கூட்டித் தரும் புது மேல் ஆர்மோ போட வேண்டியிருக்கும். அதற்கும் முன்னால் ஸ்டியரிங்கையும் முன் வீலையும் இணைக்கிற ஐட்லர் ஆர்ம், டை ராடு எண்டு, பால் ஜாயின்ட் இவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் எந்த டயரைப் போட்டாலும் வண்டி அலையத்தான் செய்யும்.

இப்போது 275. உங்கள் 8 இன்ச் ரிம்மில் 275/60ஆர்15 உட்காரும், பல செவெல்களின் பின்னால் அது ஓடிக்கொண்டும் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் நான் போட மாட்டேன். அந்த டயரின் உயரம் 28 இன்ச், தொழிற்சாலை டயர் ஏறக்குறைய 26.4 இன்ச். ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது நீங்கள் உண்மையில் 74இல் போய்க்கொண்டிருப்பீர்கள், உயரம் கூடிய அளவுக்குக் கிரவுன் விகிதமும் (பின்னச்சுப் பல்சக்கரங்களின் விகிதம்) சோம்பலாகும், 3.31 இருந்தால் 3.12 போல இழுக்கும். இடமும் நெருக்கம். இந்த வண்டிகளில் பின்னச்சு நடு மையத்தில் இருப்பது அபூர்வம், ஒரு பக்கம் விரல் போகும், மறுபக்கம் போகாது. தனியாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது, பின்சீட்டில் இரண்டு பேர் ஏறி ஒரு குழியில் இறங்கினால்தான் மட்கார்டு விளிம்பு டயரைச் சீவுகிற சத்தம் கேட்கும்.

ஆனால் என் பெரிய மறுப்பு இந்த எண்களால் இல்லை. இரும்பில் வார்த்த பெரிய 396 இன்ஜின் முன்னால் உட்கார்ந்திருக்கிற வண்டி இது, எடையில் பாதிக்கு மேல் முன் டயர்களின் தலையில் இருக்கிறது, பிரேக் மிதித்தால் இன்னும் முன்னால்தான் சாயும். நிறுத்துவதும் திருப்புவதும் முன்னால் இருக்கும் அந்த இரண்டு டயர்கள். முன்னால் ஒல்லியாகவும் பின்னால் தடியாகவும் போட்டால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். தயவுசெய்து முன்னால் காசைச் சுருக்கிப் பின்னால் கொட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், இருக்கிற வீலிலேயே முன்னால் 235/60ஆர்15, பின்னால் 255/60ஆர்15. முன்னது 26.1 இன்ச் உயரம், பின்னது 27, மூக்கு லேசாகத் தாழ்ந்து அந்தக் காலத்து நிற்பும் கிடைக்கும், ஸ்பீடோமீட்டர் இரண்டு மூன்று சதவீதம்தான் தவறும். அது கூட உறுத்தினால் கியர் பெட்டியின் வாலில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றிச் சரி செய்துகொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் நீங்களே அளந்துவிடுங்கள். பின்னால் ஜாக்கியை அச்சுக்கு அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும், சட்டத்துக்கு அடியில் கொடுத்தால் ஸ்பிரிங் தொங்கிவிடும், அளவு பொய்யாகும். வீலைக் கழற்றி, வீல் உட்காரும் முகத்திலிருந்து உள்ளே சுவர் வரை எவ்வளவு, வெளியே மட்கார்டு விளிம்பு வரை எவ்வளவு என்று இரண்டு பக்கமும் எடுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது, குறைந்ததைக் கணக்கில் வையுங்கள். முன்னால் ஸ்டியரிங்கைக் கோடி வரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும், நேராக இருக்கும்போது இடிக்காத டயர் முழுசாகத் திருப்பும்போதுதான் மட்கார்டின் கீழ் மூலையில் போய் இடிக்கும்.

எந்த டயர்? 15 இன்ச்சில் வெள்ளை எழுத்தோடு, இந்த அளவுகளில், தெருவில் ஓட்ட எல்லாரும் வாங்குவது பிஎஃப் குட்ரிச் ரேடியல் டி/ஏ அல்லது கூப்பர் கோப்ரா ரேடியல் ஜி/டி. முன்னது எஸ் தரம், 112 மைல் வேகம் வரை, பின்னது டி தரம், 118 வரை. இரண்டுமே நீண்ட நாள் தேய்வதற்கென்று செய்த கெட்டி ரப்பர், வார இறுதியில் ஓட்ட, ஐஸ்கிரீம் கடை வரை போய்வர, ட்ரீம் க்ரூஸில் ஊர்ந்து போக இவை தாராளம். ஈரச் சாலையில் இன்றைய சாதாரண செடானின் டயர் அளவுக்குக் கூடப் பிடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், மழையில் முன்னால் போகிற வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடுங்கள். பழைய நைலான் டயரின் அச்சு அசல் நகல்களும் கிடைக்கின்றன, டென்னசியில் இருக்கும் கோக்கர் டயர் கம்பெனி இதில் பேர்போனது, ஆனால் அவை மேடையில் நிறுத்திப் பரிசு வாங்குகிற வண்டிக்கு. ஓட்டுகிற வண்டிக்கு வேண்டாம், அதிலும் ஒரு அச்சில் நைலானும் மறு அச்சில் ரேடியலுமாகக் கலந்து போடவே கூடாது.

17 இன்ச் கேட்டீர்கள். ஃப்ரீவேயில் அடிக்கடி நெடுந்தூரம் போவேன், வளைவு மலைப்பாதையில் ஓட்டுவேன், பிரேக்கையும் பெரிதாக்கப் போகிறேன் என்றால் தயங்காமல் போங்கள். நல்ல ரப்பர் செய்கிற கம்பெனிகள் எல்லாம் 15 இன்ச் அகல டயரைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டன, உண்மையான பிடிப்பு 17க்கு மேல்தான் கிடைக்கிறது. முன்னால் 245/45ஆர்17, பின்னால் 255/50ஆர்17 என்றால் உயரம் நான் சொன்ன 15 இன்ச் ஜோடியை ஒட்டியே வரும். வித்தியாசத்தை முதல் பிரேக்கிலேயே உணர்வீர்கள். ஆனால் அந்த வகை டயரில் பெரும்பாலானவை கோடைக்கால ரப்பர், 45 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கல்லாகிவிடும், மிச்சிகனில் ஏப்ரல் காலையில் அதை நம்பி மிதிக்கக் கூடாது. பார்வையும் மாறிவிடும், மெல்லிய சைடுவாலில் வெள்ளை எழுத்து இருக்காது. உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்கள் மனசு 15இல்தான் இருக்கிறது என்று படுகிறது, அதிலேயே இருங்கள், மிச்சப் பணத்தில் அலைன்மென்ட்டும் முன்பக்க ஜாயின்ட்டுகளும் செய்யுங்கள்.

காற்று விஷயத்தில் வண்டியோடு வந்த பழைய ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், அதில் இருக்கும் இருபத்துச் சொச்சம் பிஎஸ்ஐ நைலான் டயருக்கானது. முன்னால் 32, பின்னால் 30 என்று தொடங்குங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. பிறகு ஒரு சாக்பீஸ் எடுத்துப் பட்டனின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடிப்பாக ஒரு கோடு போட்டு, காய்ந்த நேர்த் தெருவில் ஒரு நூறு அடி மெதுவாக உருட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. 2 பிஎஸ்ஐ ஏற்றி இறக்கி, கோடு முழுசும் ஒரே சீராக அழிகிற இடத்தைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயருக்கும் அரை மணி நேரம் ஆகும்.

புது டயர் போட்டதும் முதல் இருநூறு, முந்நூறு மைல் நிதானமாக ஓட்டுங்கள், டயரை வார்க்கும் அச்சிலிருந்து எடுப்பதற்காகப் பூசுகிற வழவழப்பு தேய்ந்து போக வேண்டும். வீல் நட்டை ஏர் கன்னில் முறுக்கிவிட்டு அனுப்புவார்கள், வீட்டுக்கு வந்ததும் டார்க் ரெஞ்சில் சுமார் 70 பவுண்டு-அடிக்கு நீங்களே வைத்து, 50 மைல் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள். வீல் செய்த கம்பெனி வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. நவம்பரில் ஷெட்டில் ஏற்றும்போது காற்றைக் கொஞ்சம் கூட்டி, வெயில் படாமல் நிறுத்துங்கள், பல மாதம் ஒரே இடத்தில் நின்றால் டயரின் அடி தட்டையாகிவிடும், முடிந்தால் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். இந்த வண்டிகளில் அது பெரும்பாலும் யாரும் தொடாத டயர், நான் பார்த்தவற்றில் சில வண்டியின் வயதே ஆனவை. மாற்றுங்கள். உங்கள் வண்டியில் பாசிட்ராக்ஷன் (ஒரு பின்வீல் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கிற பின்னச்சு அமைப்பு) இருந்தால், பின்னால் உயரம் வேறான ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகாதீர்கள், உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிடும். பக்கத்து பஞ்சர் கடை வரை மெதுவாகப் போய், சொந்த டயரை ஒட்டி மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.