காலர் மைக் போட்ட இருவர் நெருங்கினால் குரல் பானைக்குள் பேசுவதுபோல் கேட்பது ஏன்?

நாடகத்தில் அப்பாவும் மகனும் நெருங்கி நின்று சண்டைபோடும் காட்சியில், இரண்டு மைக்கில் ஒன்றின் ஒலியை இறக்கிவிடுங்கள். அப்பா, மகன் இருவர் வசனமும் ஒரே மைக்கில் போகட்டும்.

ஒரே குரல் இரண்டு மைக்கிலும் ஏறுவதுதான் காரணமாக இருக்கும். ஒலி ஒரு அடி கடக்க ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட் ஆகும். அந்தச் சிறு தாமதத்தோடு இரண்டும் மிக்ஸரில் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். வாய்க்கும் மைக்குக்கும் 20 செ.மீ. என்றால், அடுத்தவர் மைக் குறைந்தது 60 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும். சண்டைக் காட்சியில் அது நடக்காது.

ஒத்திகையில் சோதித்துப் பாருங்கள்:

1. இருவரையும் ஒன்றரை அடி இடைவெளியில் நிறுத்தி, அப்பாவை மட்டும் பேசச் சொல்லுங்கள்.
2. மகன் மைக்கை ம்யூட் செய்யுங்கள். குரல் உடனே தெளிந்தால் காரணம் இதுதான். தெளியாவிட்டால் மேடை மானிட்டரை (நடிகர்களுக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை) அணைத்துப் பாருங்கள்.

மைக் ஒலியை இறக்குவதைவிட மீண்டும் ஏற்றுவதில்தான் தவறு நடக்கும். மகன் விலகி நடக்கும்போது ஃபேடரை (மிக்ஸரில் ஒலியை ஏற்றி இறக்கும் நகர்த்தியை) ஏற்றத் தாமதமானால் முதல் சொல் போய்விடும். பார்வையாளருக்கு அதுதான் உறுத்தும். சவுண்ட் பார்ப்பவர் கையில் ஸ்கிரிப்ட் பிரதி கட்டாயம் வேண்டும். ஏற்றும் குறியை மகனின் வசனத்துக்கு ஒரு வரி முன்னாலேயே போடுங்கள்.

கட்டிப்பிடிக்கும் காட்சி இருந்தால் மைக்கை நெற்றி முடியோரம் மாற்றுங்கள். நெஞ்சில் இருந்தால் ஜரிகை உரசும் சரசரப்பு கடைசி வரிசைவரை கேட்கும்.