சீட்டில் எழுதாதீர்கள்: கேள்வி பதில்

தஞ்சை மாவட்டத்து நம்பிக்கை மையங்களில், அதாவது அரசின் எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையங்களில், ஆலோசகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கான மருத்துவ சேவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கும்பகோணம், செவிலியர்): அக்கா, இவர்களுக்கென்று வாரம் ஒரு மாலை தனி கிளினிக் தொடங்கலாமா?

பதில்: மாலை நேரம் சரி. இரவெல்லாம் விழித்திருப்பவர்களால் காலை ஓபி வரிசையில் நிற்க முடியாது. ஆனால் தனியாக வேண்டாம். வியாழக்கிழமை அந்தக் கதவுக்குள் போகிறவள் யார் என்று எதிர்ப்புற டீக்கடைக்குத் தெரிந்துவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள். எல்லாப் பெண்களுக்குமான மாலை கிளினிக்காக நடத்துங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கருத்தடை, கருப்பைவாய்ப் பரிசோதனை எல்லாம் அங்கேயே கிடைக்கட்டும். எச்ஐவி உள்ள பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு. ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பிவிடுகிறோமே, அது என்ன வைத்தியம்?

முக்கியமாக, சீட்டில் தொழிலை எழுதாதீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சீட்டின் மூலையில் சிவப்பு வட்டம் போட்டார்கள். ஒரே மாதத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் வரை அதன் பொருள் தெரிந்துவிட்டது. தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோனார்கள். இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

கேள்வி (திருவாரூர்): எல்லோருக்கும் கட்டாய எச்ஐவி பரிசோதனை செய்தால் என்ன?

பதில்: சட்டப்படி முடியாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் ஒப்புதல் கேட்கச் சொல்கிறது. முடிவை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது.

கேள்வி (மயிலாடுதுறை): முகவரிச் சான்று இல்லாதவர்களுக்கு ஆதார் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் திட்ட இயக்குநர் தரும் சான்று போதும் என்று 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆதார் பதிவு எண்ணில்கூடத் தொழிலைக் காட்டும் குறியீடு இருக்கக் கூடாது என்றும் அதே உத்தரவு சொல்கிறது. சிவப்பு வட்டம் போடுகிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

கேள்வி (நாகப்பட்டினம்): ஆணுறை கிழிந்துவிட்டால்?

பதில்: விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும்.

கேள்வி (மன்னார்குடி): கட்டாயப் பரிசோதனை...

பதில்: திருவாரூருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (பட்டுக்கோட்டை, மருத்துவர்): தொழில் தெரியாமல் எப்படிச் சிகிச்சை தருவது?

பதில்: டாக்டர், உங்களுக்கு வேண்டியது அறிகுறியும் தொற்று வாய்ப்பும்தானே? வரும் எல்லாப் பெண்களிடமும் திரைக்குப் பின்னால், கூட வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, அதே கேள்விகளைக் கேளுங்கள். குடும்பப் பெண்ணுக்குத் தொற்று வராது என்று நினைத்துக் கேட்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (மீண்டும் கும்பகோணம்): அக்கா, தனி கிளினிக் வேண்டும் என்று கேட்டதே அந்தப் பெண்கள்தான். பொது வரிசையில் ஆயா முதல் சீட்டு எழுதுபவர் வரை ஏசுகிறார்களாம்.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. அவர்களே கேட்டால் என் பேச்சு இரண்டாம்பட்சம். கிழமையையும் நேரத்தையும் பலகையில் என்ன பெயர் எழுதுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். அவர்களில் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி வாசலில் உட்கார வையுங்கள். ஆனால் பொது வரிசையை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் அவர்கள் அங்கேதான் வந்தாக வேண்டும்.

கேள்வி (பாபநாசம்): இவர்களைத் திருத்த வழி சொல்லுங்கள்.

பதில்: நான் மருத்துவ சேவையைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

கேள்வி (ஒரத்தநாடு): நாளைக்கே மாற்றக்கூடியது எது?

பதில்: பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். டோக்கன் எண்ணைக் கூப்பிடுங்கள், எல்லோருக்கும்.