பிடித்த காரணமும் விட்ட காரணமும்

கேள்வி: தீவிரவாதி என்று ஒருவரைப் பிடிக்கும்போது 'நாட்டின் பாதுகாப்பு' என்கிறார்கள். பல வருஷம் கழித்து விடச் சொல்லும்போது 'மனிதாபிமானம்' என்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். கோர்ட்டில் வைத்த ஆதாரம் எங்கே என்று கேளுங்கள்.

உங்கள் ஊருக்குக் கோவை எட்டிப்பிடிக்கும் தூரம். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 பேர் செத்தார்கள். அதன்பிறகு ஒருநாள் வாளையாறில் பஸ்ஸை நிறுத்தி, தூக்குவாளியைக்கூடத் திறந்து பார்த்தார்கள். என் பக்கத்து சீட்டு அம்மாள், பெரியாஸ்பத்திரியில் கிடந்த மகனுக்குக் கஞ்சி கொண்டுபோனார். திறந்து காட்டிய மூடி அப்புறம் சரியாகப் பொருந்தவில்லை. கோவை வரை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. செய்தவன் பிடிபட வேண்டும், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வழக்கில், கேரளத்தின் பி.டி.பி. கட்சித் தலைவர் அப்துல் நாசர் மதானியைக் கேரள போலீஸ் பிடித்துத் தமிழ்நாட்டிடம் ஒப்படைத்தது. அப்போது அங்கே நாயனார் ஆட்சி. 2006 மார்ச்சில், தேர்தல் வாசலில் நின்றபோது, மதானியை விடச் சொல்லிக் கேரள சட்டசபை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. இடையில் மாறியது ஆதாரமா, ஓட்டுக் கணக்கா? 2007 ஆகஸ்ட் 1-ல் கோவை தனி நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதற்குள் ஜாமீன் இல்லாமல் ஒன்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. (2010-ல் பெங்களூரு குண்டுவெடிப்பு வழக்கில் மறுபடி கைதானது தனிக் கதை.)

இதைவிட என்னை உறுத்துவது 2000-ல் நடந்தது. வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினான். உடனே, அவன் கேட்டபடி, அவனுக்கு உதவியதாக மைசூரில் வருஷக்கணக்காகத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கிடந்தவர்கள் மேலிருந்த வழக்கை வாபஸ் வாங்கக் கர்நாடக அரசு கிளம்பியது. எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர், வீரப்பன் கும்பல் கொன்ற எஸ்.ஐ. ஒருவரின் அப்பா. கோர்ட் வாபஸைத் தடுத்தது. 2001-ல் அந்தத் தடா வழக்கில் தீர்ப்பு வந்தபோது, உள்ளே கிடந்தவர்களில் பெரும்பாலோர் மீது குற்றம் நிரூபணம் ஆகவில்லை. அப்படியானால் அத்தனை வருஷம் எதற்குப் பூட்டி வைத்தார்கள்? அந்த அப்பாவுக்கும் பதில் இல்லை, வெளியே வந்தவர்களுக்கும் இல்லை.

தடா போய் அதே மாதிரி பொடா சட்டம் வந்தது, பொடா போய் இப்போது உபா என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே 43டி(5) பிரிவு ஜாமீனுக்குக் குறுக்கே நிற்கும். 2021 பிப்ரவரியில், தொடுபுழா பேராசிரியர் கை வெட்டப்பட்ட வழக்கில், விசாரணை முடிவு தெரியாமல் இழுத்துக்கொண்டு போனால் இந்தப் பிரிவையும் மீறி ஜாமீன் தரலாம் என்றது சுப்ரீம் கோர்ட். நான் ஒப்புக்கொள்ளும் காரணம் அது. குற்றவாளி என்று நிரூபித்தால் தண்டனை கொடுங்கள், வரவேற்கிறேன். நிரூபிக்காமலே வருஷங்களை வாங்கிக்கொள்ள அரசுக்கு உரிமை கிடையாது.

அடுத்த முறை உங்கள் எம்.எல்.ஏ. இப்படி ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்கினால், எத்தனை சாட்சி விசாரித்தார்கள், எத்தனை பாக்கி என்று அவரிடம் கேளுங்கள்.