மானிட்டர் விளக்கு எரிகிறதா, பாருங்கள்

கணினி கேள்வி-பதில்

தில்லியிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் ஒரே புகாரைச் சொல்பவற்றை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஆட்டம் விறுவிறுப்பாகும் நேரத்தில் கணினி பட்டென்று அணைந்துவிடுகிறது. புகார் ஒன்றுதான், காரணம் வீட்டுக்கு வீடு வேறு.

கேள்வி: மகனுக்காக வாங்கிய கணினி, ரைசன் 5 5600 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. நல்ல நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி). பாடம், படம் எல்லாம் நாள் முழுக்க ஓடும். மாலையில் விளையாட ஆரம்பித்தால் சில நாள் பத்து நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். மானிட்டரும் சேர்ந்து இருட்டாகிவிடுகிறது, அதன் ஓரத்துச் சின்ன விளக்குகூட எரிவதில்லை. மூன்று வருடப் பழைய 600 விஏ யூபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறோம். கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?
(வாசகர், மயூர் விஹார்)

பதில்: வேண்டாம், பொறுங்கள். மானிட்டர் விளக்கும் அணைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. கார்டோ ப்ராசஸரோ எஸ்எம்பிஎஸ்ஸோ கெட்டால் கணினி மட்டும்தான் நிற்கும். மானிட்டருக்குத் தனி மின்வயர். அது 'நோ சிக்னல்' என்று காட்டிவிட்டு, விளக்கு நிறம் மாறித் தூங்கப் போகும். இரண்டும் ஒரே நொடியில் போகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் மின்சாரம் அறுபடுகிறது. உங்கள் வீட்டில் அந்த இடம் யூபிஎஸ்.

600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்றால் 600 வாட் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். யூபிஎஸ்ஸின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். இந்த அளவு யூபிஎஸ்களில் பெரும்பாலும் 360 வாட் என்றுதான் போட்டிருக்கும். இப்போது உங்கள் கணினியின் கணக்கு. ப்ராசஸர் முழு வேகத்தில் 76 வாட் வரை எடுக்கும், கார்டு 170. மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு ஒரு 45 வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 291. எஸ்எம்பிஎஸ் தனக்குள் சூடாக இழப்பதையும் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 340 வாட் இழுக்கிறது. மானிட்டர் 30. ஆக 370, யூபிஎஸ்ஸின் 360-ஐத் தாண்டிவிட்டது. படம் பார்க்கும்போது இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, அதனால்தான் பகலில் பிரச்சினை தெரிவதில்லை.

பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா என்று நேரம் மாறுவதற்கும் காரணம் உண்டு. கோடை மாலையில் தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் சட்டென்று இறங்கும். யூபிஎஸ் உடனே பேட்டரிக்கு மாறும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் ஆயுள் சாதாரணமாக இரண்டு மூன்று வருடம், தில்லி வெயிலில் அதைவிடக் குறைவு. அந்தத் தளர்ந்த பேட்டரியால் 370 வாட்டை ஒரு கணம்கூடத் தாங்க முடியாது.

செலவில்லாமல் சோதித்துவிடலாம். யூபிஎஸ்ஸை எடுத்துவிட்டு, கணினியையும் மானிட்டரையும் நேரே சுவர் பிளக்கில் செருகுங்கள். ஏசியோ இஸ்திரிப் பெட்டியோ ஓடும் எக்ஸ்டென்ஷன் போர்டு வேண்டாம். மூன்று மாலை விளையாடட்டும். அணையவில்லை என்றால் கார்டு நன்றாக இருக்கிறது. 600 வாட் என்று ஸ்டிக்கரில் தெளிவாகப் போட்ட 1000 விஏ யூபிஎஸ் போதும். முடிந்தால் சுவர் மின்சாரம்போல் சீரான அலை தரும் சைன் வேவ் வகையாக வாங்குங்கள். இன்றைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில, படிக்கட்டு அலை தரும் மலிவு யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது முரண்டு பிடித்து அணைந்துவிடும். பழைய யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி மட்டும் போடுவது வீண் செலவு, 360 வாட் 360 வாட்தான். புதியது வரும்வரை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதமாகக் குறைத்து, ஆட்டத்தின் ஃபிரேம் வேகத்தை 60-இல் நிறுத்துங்கள். கார்டு மட்டுமே 40 வாட் குறைத்து எடுக்கும்.

வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல இன்வெர்ட்டர்களில் 'யூபிஎஸ் மோட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போடாவிட்டால் மின்சாரம் மாறும் இடைவெளி நீண்டு கணினி அணையும்.

கேள்வி: நேரு பிளேஸில் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு வாங்கி, நான்காம் தலைமுறை ஐ5 கணினியில் போட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான எட்டு பின் வயர் இல்லாததால், ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டுக் கொடுத்தார்கள். ஆட்டம் லோட் ஆனதும் அணைகிறது. பவர் பட்டனை அமுக்கினால் வரவே வராது. பின்னால் சுவிட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் வருகிறது. எஸ்எம்பிஎஸ் மேல் 500 வாட் என்றே எழுதியிருக்கிறது.
(கல்லூரி மாணவர், ஜனக்புரி)

பதில்: முதல் வேலையாக இன்றே அந்தக் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ கருகிய வாடை அடித்தாலோ இனி அதைத் தொடவே வேண்டாம். எட்டு பின் இணைப்பு 150 வாட் வரை கொண்டுபோக வேண்டியது. ஹார்ட் டிஸ்க் வயரில் 12 வோல்ட்டுக்கு இருப்பது ஒரே ஒரு மஞ்சள் கம்பி. அது சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

பின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் வருகிறது என்பது முக்கியமான தடயம். எஸ்எம்பிஎஸ் தன் சக்திக்கு மீறிய இழுப்பைக் கண்டு, தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தபிறகே பூட்டு திறக்கும்.

500 என்ற பெரிய எழுத்தை மறந்துவிடுங்கள். ஸ்டிக்கரில் இருக்கும் அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 216 வாட். ப்ராசஸரும் கார்டும் உண்பது ஏறக்குறைய முழுக்க இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட் எல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று எழுதிக் கணக்குக் காட்டியிருப்பார்கள், உங்களுக்கு உதவாது. உங்கள் தேவையோ கார்டுக்கு 185, ப்ராசஸருக்கு 84, மற்றவைக்கு 30, ஆக 300 வாட். அதாவது 25 ஆம்பியர். அதோடு கிராஃபிக்ஸ் கார்டுகள் சீராக இழுப்பதில்லை. ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்கு, சராசரியைவிட வெகுவாகத் துள்ளும். லோடிங் முடிந்து காட்சி திறக்கும் கணத்தில் அணைவது அதனால்தான்.

12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்குக் குறையாத, ஐந்து வருட உத்தரவாதமுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். எட்டு பின் வயர் அதிலேயே வரும். வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றி மாட்டும் வயர்களை இதில் பயன்படுத்தாதீர்கள். மறுமுனை பொருந்தினாலும், எஸ்எம்பிஎஸ் பக்கத்துக் கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிஸ்க் எரிந்துபோகும். பழையதைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும், அது உயிரைப் பறிக்கும்.

கேள்வி: எங்கள் வீடு மேல்மாடி. ஐ5 10400எஃப் ப்ராசஸர், அதோடு கூடவே வந்த ஃபேன். டிசம்பரில் ஒரு குறையும் இல்லை. மே பிறந்ததும் அரை மணி நேர ஆட்டத்தில் கணினி மந்தமாகிறது, அப்புறம் அணைகிறது. டெசர்ட் கூலரின் காற்று படும்படி கணினியைத் திருப்பி வைத்தும் பயனில்லை.
(வாசகி, ஆர்.கே. புரம்)

பதில்: மந்தமாகி, அதன் பிறகு அணைவது சூட்டின் அடையாளம். உங்கள் ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால்தான் அணைக்கும். டிசம்பரில் அறை 20 டிகிரி, மே மாதம் மேல்மாடியில் 40. அறை ஏறிய அந்த 20 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே ப்ராசஸர் மேல் ஏறும். குளிர்காலத்தில் 80-இல் ஓடியது இப்போது 100-இல் நிற்கிறது.

எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளை இறக்கி, சென்சார் திரையில் லாகிங்கை (சூட்டைக் கோப்பில் பதிவதை) போட்டுவிட்டு விளையாடுங்கள். அணைந்தபின் அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கிய சில நொடிகளிலேயே 100-க்குப் பாய்ந்திருந்தால், ஹீட்சிங்க் (ஃபேனுக்கு அடியில் சூட்டை வாங்கும் உலோகப் பகுதி) ப்ராசஸரோடு ஒட்டவில்லை. மெதுவாக இருபது நிமிடத்தில் ஏறியிருந்தால், தூசியும் காற்றோட்டமும். கார்டு 83 டிகிரி காட்டினால் பயப்பட வேண்டாம், அது அதற்கு இயல்பு.

டெசர்ட் கூலரை முதலில் விலக்குங்கள். ஈரக்காற்று தூசியோடு சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்குகளில் சேறாகக் காயும், ப்ளோயர் அடித்தாலும் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தொட்ட பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, முழுக்கக் காயவிடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் கெடும்.

உங்கள் ஃபேனுக்கு நான்கு மூலையிலும் அழுத்தி மாட்டும் பின்கள். இந்த வகை ஃபேனில் எங்களுக்கு முதல் சந்தேகமே அவற்றின்மேல்தான். ஒன்று எழும்பியிருந்தாலும் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கழற்றி, ப்ராசஸர் மேல் சூடு கடத்தப் பூசிய பழைய பேஸ்ட்டைத் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். அதிகம் வைத்தால் நன்மை இல்லை. எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் 'டக்' என்று உட்கார வேண்டும். மதர்போர்டின் பின்புறம் வெள்ளைக் கால்களின் நடுவே கறுப்பு முனை நான்கிலும் எட்டிப் பார்க்கிறதா என்று சரிபாருங்கள். (ஏஎம்4 சாக்கெட் ரைசன் ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் ஹீட்சிங்க்கை நேரே மேலே இழுக்கக் கூடாது. கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும் அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, இட வலமாகத் திருகி எடுங்கள். இல்லாவிட்டால் ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும்.)

கடைசியாகப் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு ஒருமுறை விளையாடிப் பாருங்கள். சூடு 10 டிகிரி இறங்கினால் கேஸுக்குள் காற்று போதவில்லை. மேஜையின் அடைத்த அறையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கேள்வி: என் கணினி அணைவதில்லை, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று வருகிறது. பவர் சப்ளை கெட்டுவிட்டதா?
(வாசகர், கரோல் பாக்)

பதில்: பெயரைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். 'முறையாக நிறுத்தப்படாமல் மீண்டும் தொடங்கினேன்' என்று விண்டோஸ் சொல்வதுதான் 41. அதைத் திறந்து டீட்டெயில்ஸில் பக்செக்கோட் எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் மின்சாரம் சட்டென்று போயிருக்கலாம். வேறு எண் இருந்தால் அது நீலத்திரைப் பிழை. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி பகுதியில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துவிட்டால் நீலத்திரை அப்படியே நிற்கும், படிக்கலாம். ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டிருந்தால் பயாஸில் அணைத்துப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் ராம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: கேஸைத் தொட்டால் சுரீரென்கிறது. இதனால் அணையுமா?
(வாசகி, லோதி காலனி)

பதில்: அணைவதற்கு இது காரணமாக இருப்பது அரிது, ஆனால் இதை முதலில் சரிசெய்யுங்கள். எர்த் இல்லாத பிளக்கில், எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகச் சுமார் 115 வோல்ட் கேஸ்மேல் தேங்கி நிற்கும். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டர் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். எலக்ட்ரீஷியனை வைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் இணைப்பைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதுவரை குழந்தைகள் வெறுங்காலோடு அந்தக் கேஸைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.